ஹோல்ஸ்டன்டோர் வாயிலைச் சுற்றிப் பார்க்கும் முறை

வட ஜெர்மனியின் லூபெக் நகரில் ரயிலிலிருந்து இறங்கிப் பழைய நகரை நோக்கி நடந்தால், கூம்புக் கூரைகளுடன் இரண்டு செங்கல் கோபுரங்கள் எதிர்ப்படும். இதுவே ஹோல்ஸ்டன்டோர் என்னும் கோட்டைவாயில். உள்ளே 1950 முதல் அருங்காட்சியகம் இயங்குகிறது என்றாலும், நுழைவுச்சீட்டு வாங்கும் முன் வெளிப்புறத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள்.

முதலில் மேற்கே, பகைவர் வரக்கூடிய திசையில் நில்லுங்கள். நகரக் கட்டடக் கலைஞர் ஹின்ரிச் ஹெல்ம்ஸ்டெடே 1464 முதல் 1478 வரை இதைக் கட்டியபோது, இப்பக்கச் சுவரை ஏறத்தாழ 3.5 மீட்டர் தடிமனாக அமைத்து, சுடுவதற்கான சிறு துளைகளை மட்டுமே விட்டார். பிறகு வளைவின் ஊடாக நகரப் பக்கம் செல்லுங்கள். அங்கே சுவர் ஒரு மீட்டருக்கும் குறைவு. சாளரங்களோ வரிசை வரிசையாக இருக்கின்றன. வெளியாருக்கு மிரட்டலையும் ஊராருக்கு அழகையும் காட்டிய கட்டடம் இது.

இனிச் சற்றுத் தள்ளி நின்று தெற்குக் கோபுரத்தைக் கவனியுங்கள். அது சாய்ந்திருப்பது கண்ணின் மயக்கமன்று. சதுப்பு நிலம் எடையைத் தாங்காததால் கட்டும்போதே சரிவு தொடங்கிவிட்டது. 1933-34இல்தான் அடித்தளம் உறுதிப்படுத்தப்பட்டது. கீழ்வரிசைத் துளைகள் இன்று தரைமட்டத்துக்கும் கீழே போய்விட்டன என்பதை அருகில் சென்று பாருங்கள்.

நகரப் பக்கத்தில் பொறித்துள்ள 1477, 1871 என்னும் ஆண்டுகளில் முதலாவதை நம்ப வேண்டாம். கட்டி முடிந்தது அந்த ஆண்டில்தான் என்று பிற்காலத்தில் தவறாகக் கருதிப் பொறித்தது அது. இரண்டாவது, புதுப்பிப்புப் பணி முடிந்த ஆண்டு. அப்பணி நடந்ததே அரிது. இதற்கு முன்னால் நின்ற வெளிவாயில் ரயில் பாதைக்காக ஏற்கெனவே இடிக்கப்பட்டிருந்தது; இதையும் இடித்துவிடலாம் என்று பலர் வற்புறுத்தினர். 1863இல் நகர மன்றம் ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் இதைக் காப்பாற்ற முடிவு செய்தது.

கடைசியாக மீண்டும் மேற்கே வந்து, வளைவுக்கு மேலுள்ள பொன்னெழுத்துகளைப் படியுங்கள். இடிக்கப்பட்ட வெளிவாயிலின் வாசகத்தைச் சுருக்கி, 1871இல் இலத்தீனில் எழுதியது: ‘உள்ளே ஒற்றுமை, வெளியே அமைதி.’ ஒரு வாக்கில் தப்பிய வாயிலில் ஒற்றுமையைப் பற்றி எழுதியவர்களுக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.