புத்த ஜயந்தி வெள்ளி ஐந்து ரூபாய்: தண்ணீரில் சோதிப்பது எப்படி?

புத்தர் பரிநிர்வாணம் அடைந்து 2500 ஆண்டுகள் நிறைந்ததையொட்டி இலங்கை வெளியிட்ட ஐந்து ரூபாய் நாணயத்தில் 1957 என்ற ஆண்டு இருக்கும். அச்சிட்டவை 5 லட்சம். அவற்றில் 2,58,000 நாணயங்கள் 1962இல் உருக்குவதற்குத் திரும்பிப் போயின. உங்கள் கைக்கு வந்தது அசல் வெள்ளிதானா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

தேவையானவை: 0.01 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு, ஒரு டம்ளர் காய்ச்சி வடித்த நீர், மெல்லிய நூல்.

முதலில் காந்தத்தை அருகே கொண்டுபோங்கள். ஒட்டினால் அத்தோடு கதை முடிந்தது. ஒட்டாவிட்டாலும் மகிழ வேண்டாம், செம்பும் ஒட்டாது.

அடுத்து எடை. 28.28 கிராம் இருக்க வேண்டும். தேய்ந்த நாணயம் சற்றுக் குறையலாம். ஆனால் தேய்மானத்தால் அடர்த்தி மாறாது. அதனால்தான் எடையோடு நிறுத்தாமல் தண்ணீருக்குப் போகிறோம்.

டம்ளரைத் தண்ணீரோடு தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. முதல் முறை நான் நூலைத் தளர்த்திவிட்டேன். நாணயம் அடியில் உட்கார்ந்துகொண்டது, தராசு அதன் முழு எடையையே காட்டியது. ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழ்களையும் நூலை லேசாக ஆட்டி விரட்டிவிடுங்கள்.

இப்போது தராசு காட்டுவது நாணயம் விலக்கிய தண்ணீரின் எடை. காற்றில் எடுத்த எடையை இதனால் வகுங்கள், வருவதுதான் அடர்த்தி. 28.28 ÷ 2.73 = 10.36. இந்த நாணயம் 92.5 சதவீத வெள்ளி, மிச்சம் செம்பு. அந்தக் கலவைக்கு இதுதான் கணக்கு. அதே அளவில் செம்பு‑நிக்கல் போலி என்றால் 8.9 அளவில் நின்றுவிடும். ஈயம் கலந்த போலி மட்டும் சில சமயம் தப்பிவிடும். அதற்கு எழுத்துகளின் விளிம்பை உருப்பெருக்கியில் பாருங்கள். வார்ப்பில் செய்தது மழுங்கலாகவும் பொடிக் குழிகளோடும் இருக்கும்.

சோதனை முடிந்ததும் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். குத்துவிளக்கு துலக்கும் கை சும்மா இராது என்பது தெரியும். இருந்தாலும் விபூதியை எடுத்துவிடாதீர்கள். வெள்ளிக் கிண்ணத்துக்கு அது நல்லது. நாணயத்திலோ மேற்பரப்பைக் கீறி, சேகரிப்பாளர் தரும் விலையையும் கெடுத்துவிடும்.