ஐம்பதுக்கு மேல் கால் பலம் குறையாமல் இருக்க

நாற்காலியில் இருந்து எழும்போது கை தானாகவே கைப்பிடியைத் தேடுகிறதா? முட்டி வலி இல்லாமலே அப்படி என்றால், தொடைத் தசை இளைக்கத் தொடங்கியிருக்கலாம். 30 வயதைத் தாண்டினாலே தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், 60க்கு மேல் இன்னும் வேகமாக, நடைப்பயிற்சி மட்டும் அதற்குப் போதாது.

நகராத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, குதிகாலை அழுத்தி எழுந்து, உட்காரும்போது தொப்பென்று விழாமல் மனதுக்குள் மூன்று எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்குங்கள். இறங்கும்போதும் தசை நன்றாக வேலை செய்யும். 10 முறை, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி 10. அப்புறம் சுவரில் கை ஊன்றித் தண்டால் 10. வாரம் மூன்று நாள் செய்யுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

சரி, சாப்பாடு. காலையில் நான்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் மட்டும் என்றால் புரதம் குறைவு. இரண்டு இட்லி, பருப்பு நிறையப் போட்ட கெட்டிச் சாம்பார், ஒரு முட்டை என்று மாற்றிப் பாருங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். 60 கிலோ எடை உள்ளவருக்கு நாளைக்கு 50 கிராமாவது வேண்டும். முட்டை சாப்பிடாதவர்கள் மாலை டீயோடு பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிடலாம். பல் சரியில்லாத என் அம்மாவுக்கு இரண்டு விசில் கூடுதலாக விட்டு, மசித்துத்தான் கொடுக்கிறோம், தட்டில் மிச்சம் இருப்பதில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.