அப்பத்தாவைக் கேட்டீர்களா? வீடு தேடி வரும் மருத்துவத்தில் பெரியவர்களின் உரிமைகள்: முதன்முறை பார்ப்பவர்களுக்கு

போன வருடம் எங்கள் தெருக்கோடியில் ஒரு இலவச மருத்துவ முகாம் போட்டார்கள். காலையில் தலையைச் சீவிக்கொண்டு கிளம்பிய அப்பத்தா, திரும்பி வரும்போது பெருவிரலில் ஊதா மை. "என்ன அப்பத்தா இது?" என்றேன். "வச்சாத்தான் மாத்திரைன்னு சொன்னாக, வச்சேன்" என்றார். என்ன தாள் அது என்று அவருக்கும் தெரியவில்லை, கூடப் போன சித்திக்கும் தெரியவில்லை. மறுநாள் போய்க் கேட்கலாம் என்றால் பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். இத்தனைக்கும் அப்பத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊதா மைதான் என்னை இதையெல்லாம் தேடிப் படிக்க வைத்தது. காரைக்குடி, தேவகோட்டை, திருமயம், பொன்னமராவதிப் பக்கம் வீட்டில் ஒரு பெரியவரை வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கும், அவர்களைத் தனியாக விட்டுவிட்டுச் சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ போனில் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இது உதவும். சட்டம் படித்தவன் இல்லை நான். ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் செய்யக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

முதல் படி: வீட்டுக்கு வருவது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் பக்கம் பெரும்பாலான வீடுகளுக்கு வருவது தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்'. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். பிரஷர், சுகர் உள்ளவர்களுக்கு வீட்டிலேயே பரிசோதனை செய்து மாத்திரை கொடுப்பது இதன் முக்கிய வேலை. பலருக்குத் தெரியாத இன்னொரு பாதியும் இருக்கிறது. படுக்கையில் இருப்பவர்களுக்கு வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சை, இயன்முறை மருத்துவம், வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கான பைகள் ஆகியவையும் இதில் உண்டு. பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துபோன ஐயாவுக்கு இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார் என்று தெரியாமல், மாதக்கணக்கில் காரை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு அலைந்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும்.

மாத்திரை கொண்டுவரும் பெண், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர். அநேகமாக உங்கள் ஊர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவராக இருப்பார். அவர் மருத்துவர் அல்ல. மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ அவரிடம் கேட்பது அவருக்கும் சங்கடம், நமக்கும் ஆபத்து. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் இருக்கிறார். பெயர் இன்னும் பதிவாகவில்லை என்றால் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்து செவிலியரிடம் சொல்லுங்கள், அல்லது 104 என்ற சுகாதார உதவி எண்ணை அழையுங்கள்.

தனியார் முகாம், அறக்கட்டளை நடத்தும் வேன், ஆய்வுக்காக ரத்தம் எடுக்க வருபவர்கள் எல்லாம் வேறு வகை. கதவைத் திறந்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எந்த ஆபீஸிலிருந்து வர்றீங்க, என்ன செய்யப் போறீங்க?" திண்ணையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டே கேட்கலாம். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இரண்டாம் படி: ஒரு பேரேடு போடுங்கள்

பர்மாவிலும் மலேயாவிலும் கொடுத்த கடனுக்கெல்லாம் காலணா விடாமல் கணக்கு எழுதிய ஊர் இது. மாத்திரைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போட மாட்டோமா? தேதி, யார் வந்தார், பிரஷர் எவ்வளவு, சுகர் எவ்வளவு (சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா), என்ன மாத்திரை, எத்தனை. ஒரு வரி போதும். மருந்துச் சீட்டுகளையும் ஆய்வகத் தாள்களையும் வீட்டில் இருக்கும் ஒரு பழைய பனையோலைக் கொட்டானில் போட்டு வைத்தோம். அதற்கு அப்பத்தாவே 'ஆஸ்பத்திரிக் கொட்டான்' என்று பெயர் வைத்துவிட்டார்.

எழுதி வைப்பதற்கும் உரிமைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தன் உடம்பைப் பற்றிய தாள்களைப் பார்ப்பதும் நகல் பெறுவதும் நோயாளியின் உரிமை. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆனால் 'போன வருஷம் எப்பவோ சேர்த்தோம்' என்று போய் நின்றால் யாருக்கும் தேட மனம் வராது. நோட்டில் தேதி இருந்தால் ஐந்து நிமிட வேலை. அரசு மருத்துவமனையில் இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும்.

மூன்றாம் படி: போனைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

இந்தப் படிதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

எங்கள் பக்கத்து வீடு பெரிய வீடு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும். அதில் இருப்பது ஒரே ஒரு ஆச்சி. மகன் சிங்கப்பூரில். செவிலியர் வந்தால் ஆச்சி முதலில் வீடியோ காலைப் போட்டுவிடுவார். செவிலியர் மகனிடம் பேசுவார், மகன் செவிலியரிடம் பேசுவார். இருவருக்கும் நடுவில் போனைப் பிடிக்கும் கம்பி மாதிரி ஆச்சி உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் போனை வைத்த பிறகு என்னிடம் கேட்டார், "ஏப்பா, எனக்கு என்னவாம்?"

நான் செய்ததும் அதுதான். அப்பத்தாவின் கால் வீங்கியிருந்ததை நான் மருத்துவரிடம் விவரித்தேன், காரணத்தை நான் ஊகித்தேன், மாத்திரையை நான் வாங்கிக்கொண்டு வந்தேன். பிறகுதான் தெரிந்தது, பிரஷர் மாத்திரை தொடங்கியதிலிருந்து வீக்கம் என்று அவரே கண்டுபிடித்து, இரண்டு வாரமாக அதைச் சாப்பிடாமல் தலையணைக்கு அடியில் சேர்த்து வைத்திருக்கிறார். அம்லோடிபின் என்ற அந்த பிரஷர் மாத்திரை சிலருக்குக் காலை வீங்க வைக்கும். மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார் அல்லது வேறு மாற்றுவார். "ஏன் அப்பத்தா சொல்லல?" என்றால், "என்னையவா கேட்டாக?" என்கிறார்.

2018-ல் தேசிய மனித உரிமைகள் ஆணையம் 17 உரிமைகள் அடங்கிய நோயாளி உரிமைச் சாசனம் ஒன்றைத் தயாரித்தது. அதில் முதலில் நிற்பது தகவல் பெறும் உரிமை: என்ன நோய், என்ன சிகிச்சை, பக்க விளைவு என்ன, எவ்வளவு செலவு என்பதெல்லாம் நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்லப்பட வேண்டும். சாசனம் தனியாக ஒரு சட்டம் இல்லை. ஆனால் அதில் உள்ளவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே சட்டங்களிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் மருத்துவ நெறிமுறைகளிலும் இருப்பவைதான். அந்த உரிமை அப்பத்தாவுடையது. பேரன் பட்டம் வாங்கியிருக்கிறான் என்பதற்காக அவனுக்கு மாறிவிடாது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். வருவதற்கு முதல்நாள் இரவு, சாப்பிட்ட பிறகு, "நாளைக்கு என்ன கேக்கணும்?" என்று பெரியவரிடம் கேட்டு அவர் சொன்னபடியே நோட்டில் எழுதுங்கள். எங்கள் நோட்டில் ஒரு பக்கம்: 'ராத்திரி நாலு தரம் எழும்புறேன். சுகரா, வயசா?' 'விரதம் இருக்கலாமா?' இரண்டாவது கேள்வி எனக்குத் தோன்றியே இருக்காது. சுகர் மாத்திரையில் சில வகைகளைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் இருந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி மயக்கம் வரலாம். அப்பத்தாவோ கார்த்திகைக்குக் கார்த்திகை விரதம் இருப்பவர். மருத்துவர் பேசும்போது பெரியவரைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். காது மந்தம் என்றால் கொஞ்சம் உரக்க. நீங்கள் இரண்டாவதாகப் பேசுங்கள். மகன்களுக்குச் சொல்வதை அப்புறம் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும்.

நான்காம் படி: திண்ணையா, உள்ளேயா?

திண்ணையில் பிரஷர் பார்த்தால் காற்றோட்டமாகத்தான் இருக்கும். எதிர்வீட்டுக்காரர், கீரைக்காரம்மா, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நிற்பார்கள். "ஆச்சிக்கு சுகர் முன்னூறாம்" என்ற செய்தி சாயங்காலத்துக்குள் ஊருணிக்கரை வரை போய்விடும். சிலருக்கு அது பொருட்டில்லை. சிலருக்கு, சிறுநீர் கசிவு, மார்பில் கட்டி, மறதி என்று எதையும் நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வராது. நோய் விவரத்தை ரகசியமாக வைப்பதும், மறைவான இடத்தில் பரிசோதிப்பதும் அந்தச் சாசனத்தில் உள்ள உரிமைதான். பெண் நோயாளியை ஆண் மருத்துவர் பரிசோதித்தால் இன்னொரு பெண் உடன் இருக்கலாம்.

செய்ய வேண்டியது சுலபம். "உள்ளே வாங்க" என்று வளவுக்குக் கூட்டிப்போய்விடுங்கள். நீங்களும் கொஞ்சம் நேரம் வெளியே வாருங்கள். பெரியவர் செவிலியரிடம் தனியாகச் சொல்ல விரும்புவது உங்களைப் பற்றியதாகவே இருக்கலாம். அடிபடுவது, பட்டினி போடப்படுவது எல்லாம் பெரிய வீடுகளிலும் நடக்கிறது.

ஐந்தாம் படி: கைநாட்டுக்கு முன்

எந்தத் தாளாக இருந்தாலும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தமிழில். நகல் கேளுங்கள். பரிசோதனைக்குச் சம்மதித்தது சிகிச்சைக்குச் சம்மதித்ததாகாது என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உயிருக்கு ஆபத்தான அவசரம் மட்டும் விதிவிலக்கு. கண் பார்க்க வாருங்கள் என்று கூட்டிப்போய் அன்றைக்கே அறுவைச் சிகிச்சைக்குப் படுக்க வைத்தால், "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்து வரலாம். இன்னொரு மருத்துவரிடம் காட்டிக் கருத்துக் கேட்கலாம். வேண்டாம் என்றும் சொல்லலாம்.

ஆய்வுக்கு என்றால் இன்னும் கண்டிப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவர் பெருவிரல் வைக்கும்போது, ஆய்வு நடத்துபவர்களோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017 நெறிமுறைகள். 'வைத்தால்தான் மாத்திரை' என்று சொல்லவே கூடாது.

ஆறாம் படி: பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால்

எதற்காக அனுப்புகிறார்கள் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். நோட்டையும் கொட்டானையும் கையோடு எடுத்துப் போங்கள். 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் தனி வரிசை வேண்டும் என்கிறது. வரிசை கண்ணில் படாவிட்டால், பின்னால் நின்று முணுமுணுக்காமல் சீட்டுக் கொடுக்கும் இடத்தில் போய்க் கேளுங்கள். பல நேரம் கேட்டாலே விட்டுவிடுகிறார்கள். தனியார் மருத்துவமனை என்றால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை அந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா என்று சேர்ப்பதற்கு முன்பே கேளுங்கள்.

ஏழாம் படி: குறை இருந்தால்

முதலில் நேரில் சொல்லுங்கள். மாத்திரை இரண்டு மாதமாக வரவில்லை என்றால் தன்னார்வலரைத் திட்டிப் பயனில்லை, கிடங்கில் இருந்தால்தானே அவர் கொடுப்பார்? ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் போங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் 104, அல்லது முதல்வரின் உதவி மையமான 1100. பெரியவரை வீட்டில் யாராவது துன்புறுத்தினால் 14567 என்ற மூத்த குடிமக்கள் உதவி எண் இருக்கிறது. நோட்டின் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். கண்ணாடி இல்லாமல் தெரிய வேண்டும்.

பலர் உடனே நுகர்வோர் நீதிமன்றம் என்கிறார்கள். எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை அதில் வராது. பணம் கட்டிய தனியார் மருத்துவமனை வரும்.

எழுத்தில் கொடுப்பது என்றால் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாள் வசதி. நம் ஊர்கள் இரண்டு மாவட்டத்தில் சிதறிக் கிடப்பதால் இதில் ஒரு குழப்பம் வரும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சிவகங்கைக்குப் போக வேண்டும். திருமயம், பொன்னமராவதிப் பக்கம் புதுக்கோட்டைக்கு. தாலுகா என்ன என்று பார்த்துவிட்டுப் பஸ் ஏறுங்கள். மனுவை ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். நோட்டிலிருந்து தேதிகளை எடுத்துப் போடுங்கள். ரசீது எண்ணை வாங்கி அதே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

மனு அவர் பெயரில், அவர் கையெழுத்தோடு போகட்டும். அப்பத்தா போன மாதம் ஒன்று போட்டார். மூன்று எழுத்துக்கு முழுசாக ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டார். பின்னால் நின்றவர் கொஞ்சம் முனகினார்.