டூட்டி முடிந்தும் தூக்கம் வராதபோது

2021 மே மாதம். 21ஆம் தேதி மட்டும் தமிழ்நாட்டில் 36,000-க்கு மேல் புதிய தொற்று. நான் நர்ஸாக இருந்த கோவிட் வார்டில் ஒரு கட்டில் காலியானால், அடுத்தவர் வாசலில் ஆம்புலன்ஸில் காத்திருப்பார்.

பிபிஇ கிட் என்ற முழு உடல் பாதுகாப்பு உடைக்குள் வியர்த்து ஊறுவதற்கு உடம்பு பழகிவிட்டது. தூக்கம்தான் போய்விட்டது. கண்ணை மூடினால் மானிட்டர் அலாரம் கேட்கும். 'மூச்சு சீராக வர அந்த ஐயாவைக் குப்புறப் படுக்க வைத்த நேரத்தை அடுத்த ஷிஃப்டுக்குச் சொன்னோமா? சிலிண்டர் மாற்றணும்னு சொன்னோமா?' என்று மனசு வார்டுக்கே ஓடும்.

உள்ளே எழுதிய தாளை வெளியே கொண்டுவர முடியாது. அதனால் கிட்டைக் கழற்றப் போகும் முன், ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று போனில் சொல்ல ஆரம்பித்தேன்: ஆக்சிஜன் அளவு, எத்தனை லிட்டர் ஓடுகிறது, கடைசியாகக் குப்புறப் படுத்த நேரம், வீட்டாரிடம் பேசியாயிற்றா. வெளியே இருக்கும் சிஸ்டர் எழுதிக்கொண்டு எனக்குத் திருப்பி வாசிப்பார். அதைக் காதால் கேட்ட பிறகுதான் மனசு வார்டை விட்டு வெளியே வந்தது.

அப்புறம், குளித்துவிட்டு ஷிஃப்டில் கூட இருந்தவரோடு மாஸ்க் போட்டுத் தள்ளி உட்கார்ந்து கொஞ்சம் பேசுவேன். அன்று இறந்தவர்களைப் பற்றியும் பேசுவோம். அழுகை வந்தால் அழுவோம். 'தைரியமா இரு' என்று மட்டும் சொல்லிக்கொள்வதில்லை.

தூக்கம் மெல்லத்தான் திரும்பியது. ஆனால் கூடுதல் நர்ஸ்களைப் போட்டு டூட்டி நேரத்தைக் குறைத்த பிறகுதான் நன்றாகத் தூங்கினேன். வார்டுப் பொறுப்பில் இருப்பவர்களிடம் முதலில் அதைக் கேளுங்கள்.