நல்ல சைபர்பங்க் கேம்களைத் தேடிப் பிடிப்பது எப்படி?

உயர் தொழில்நுட்பமும் பெருநிறுவனங்களின் பிடியும் நிறைந்த இருண்ட எதிர்காலத்தைக் காட்டும் கதை வகையே சைபர்பங்க். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ‘சைபர்பங்க்’ என்ற குறிச்சொல்லை மட்டும் நம்பித் தேடினால், நியான் விளக்கும் மழைத் தெருவும் பூசிய சாதாரணத் துப்பாக்கிச் சண்டைகளே பெரும்பாலும் கண்ணில் படும். மனித உடலையே நிறுவனங்கள் உடைமையாக்கிக்கொண்ட உலகின் நெருக்கடியை ஆட்டத்தின் விதிகளே உணர்த்துகின்றனவா என்று பார்ப்பதுதான் சரியான உரைகல். 2022இல் வெளிவந்த ‘சிட்டிசன் ஸ்லீப்பர்’ இதற்கு நல்ல சான்று: நாயகரின் செயற்கை உடல் சிதையச் சிதைய, ஒவ்வொரு சுழற்சியிலும் (ஆட்டத்தின் ஒரு நாள்) செயல்களுக்குச் செலவிடக் கிடைக்கும் பகடைகள் குறைவதால், கூலி வேலைக்குப் போவதா, தப்பிக்க வழி தேடுவதா என்ற தவிப்பு வசனமின்றியே நமக்குப் புரிந்துவிடுகிறது.

தேடும்போது ‘சாகசம்’, ‘காட்சிக்கதை’ (படங்களோடு வாசித்துச் செல்லும் ‘விஷுவல் நாவல்’) போன்ற வகைகளையும் சேர்த்து வடிகட்டுங்கள். மதுக்கூடப் பணியாளராக ஆடும் ‘வால்ஹல்லா’ (2016) போன்றவை அப்போதுதான் அகப்படும். அதில் வாடிக்கையாளருக்கு எதைக் கலந்து கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து உரையாடலே திசை மாறும்.

பழையவற்றை ஒதுக்கிவிட வேண்டாம். ‘டியஸ் எக்ஸ்’ (2000) தோற்றத்தில் முதுமை தட்டியிருந்தாலும், பூட்டிய கதவொன்றைக் கடக்க அது தரும் பல வழிகள் இன்றும் வியக்க வைக்கின்றன. 1994இன் ‘சிஸ்டம் ஷாக்’ கரடுமுரடாகத் தோன்றினால், 2023இல் வந்த மறுஆக்கத்திலிருந்து தொடங்கலாம். விமர்சனங்களில் ஒட்டுமொத்த மதிப்பீட்டை விட, பல மணிநேரம் ஆடியவர்கள் எழுதிய குறைகளுக்கே முதலிடம் கொடுங்கள். இலவச முன்னோட்டப் பதிப்பு இருந்தால் வாங்கும் முன் அதை ஆடிப் பார்த்துவிடுங்கள்.