ஆங்கிலச் சொல்லை அதன் துணையோடு கற்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

சாதாரண தரப் பரீட்சைவரை ஆங்கிலம் படித்து, எளிய வசனங்களைப் பிழையின்றி எழுதத் தெரிந்தும், வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டு விரிவுரையில் அமர்ந்ததும் பாதிச் சொற்கள் பிடிபடாமல் தடுமாறும் மாணவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அலுவலகக் கடிதங்களோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கும் இது உதவும்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆழிப்பேரலைக்குப் பிந்திய ஆண்டுகளில் மட்டக்களப்பில் இயங்கிய ஒரு தொண்டு நிறுவனத்தில், கிராமத்தவர்கள் தமிழில் எழுதித்தரும் விண்ணப்பங்களை மொழிபெயர்ப்பது என் வேலையாக இருந்தது. ஒரு மாரிகாலத்தில், உலர் உணவும் பாயும் கேட்டு வந்த கடிதமொன்றில் இருந்த "வெள்ள நிவாரணம்" என்பதை நான் "ஃபிளட் மிட்டிகேஷன்" என்று எழுதினேன். என் கையிலிருந்த சிறிய அகராதி அச்சொல்லுக்கு "தணித்தல், நிவர்த்தி" என்று பொருள் தந்திருந்தது. நிவர்த்தியும் நிவாரணமும் ஒன்றுதானே என்று எண்ணிக்கொண்டேன். கடிதம் வடிகால் வேலைகளைக் கவனிப்பவரின் மேசைக்குப் போய்ப் பல நாள்கள் கிடந்தது. அத்தனை நாளும் அந்தக் குடும்பங்கள் பாடசாலைக் கட்டடத்தின் ஈரத்தரையில் படுத்திருந்தன.

வெள்ளம் வருமுன் முகத்துவாரத்தை வெட்டி வாவி நீரைக் கடலுக்கு விடுவதும், குளக்கட்டைப் பலப்படுத்துவதும் மிட்டிகேஷன். வீட்டுக்குள் நீர் புகுந்தபின் அரிசியும் பருப்பும் கொண்டுபோய்க் கொடுப்பது ரிலீஃப். அகராதியில் ஒரு சொல்லுக்கு எதிரே ஒரு சொல்லை மட்டும் பார்த்து மனனம் செய்கிறவருக்கு இந்த வேறுபாடு ஒருநாளும் தெரியவராது. ஆகையால் கீழே சொல்லப்படும் செய்முறை முழுவதும், ஒரு சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து நடமாடுகிறது என்பதைக் கவனிப்பதையே அடிப்படையாகக் கொண்டது.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். இங்கே ஆங்கிலச் சொற்களை நான் தமிழ் எழுத்தில் தருகிறேன். உங்கள் கொப்பியில் அவற்றை ஆங்கில எழுத்தில் மட்டுமே எழுதுங்கள். "பெஸ்ட்" என்று தமிழில் எழுதி வைத்தால், அது சிறந்ததைக் குறிக்கிறதா, வயலில் பயிரை அழிக்கும் பூச்சியைக் குறிக்கிறதா என்று ஒரு வாரத்தின் பின் உங்களுக்கே தெரியாது.

படி 1: இருக்கும் இடத்தை அறிதல்

ஆங்கிலப் பத்திரிகைச் செய்தியொன்றின் முதல் நூறு சொற்களை எடுத்து, பொருள் தெரியாதவற்றின் கீழ் பென்சிலால் கோடிடுங்கள். ஐந்துக்கு மேற்பட்ட கோடுகள் விழுந்தால், உயர்நிலைச் சொற்களுக்குப் போகுமுன் அடிப்படையை நிறைவுசெய்ய வேண்டும். அதற்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒக்ஸ்ஃபோர்ட் 3000 என்ற பட்டியல் போதும். நியூசிலாந்தைச் சேர்ந்த மொழியியலாளர் போல் நேஷன் 2006 இல் வெளியிட்ட ஆய்வு, அகராதியின் துணையின்றி ஆங்கில நாவலையோ பத்திரிகையையோ வாசிப்பதற்கு 8,000 முதல் 9,000 வரையான சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் மற்ற வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தெரிந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டது. இந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். எல்லாச் சொற்களும் ஒரே அளவில் பயன்படுவதில்லை.

படி 2: எந்தச் சொற்களை முதலில் கற்பது?

வெலிங்டனிலுள்ள விக்டோரியா பல்கலைக்கழகத்தின் ஏவ்ரில் கொக்ஸ்ஹெட், கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய துறைகளின் நூல்களில் திரும்பத் திரும்ப வரும் சொற்களைத் தொகுத்து 2000 ஆம் ஆண்டில் "அகடமிக் வேர்ட் லிஸ்ட்" என்ற பட்டியலை வெளியிட்டார். அதில் உள்ளவை 570 சொற்குடும்பங்கள் மட்டுமே. ஆனால் கல்விசார் எழுத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை அவையே நிரப்புகின்றன. பட்டியல் பத்துப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, மிக அதிகமாக வழங்கும் சொற்கள் முதற்பகுதியில் வைக்கப்பட்டுள்ளன. நாளுக்கு ஐந்து சொற்கள், வாரத்தில் ஐந்து நாள்கள் என்று கற்றால் 23 வாரங்களில் முழுப் பட்டியலையும் முடித்துவிடலாம்.

முகநூலில் "இந்தச் சொல்லுக்குப் பதிலாக இதைச் சொல்லுங்கள்" என்று பகிரப்படும் அழகிய படங்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் சொல் தனியாக நிற்கிறது. எங்கே வரும், யாரோடு வரும் என்ற செய்தி அங்கே இல்லை.

படி 3: ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம்

இதுவே இச்செய்முறையின் உயிர்நாடி. இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், லோங்மன் ஆகிய மூன்றும் மொழி கற்பவர்களுக்கென்றே தயாரித்த அகராதிகள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. லோங்மன் அகராதி ஏறத்தாழ 2,000 எளிய சொற்களை மட்டும் கொண்டே எல்லாப் பொருள்களையும் விளக்குவதால், தொடக்கத்தில் அதையே பயன்படுத்துங்கள்.

என்னை இடறவைத்த "மிட்டிகேட்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கொப்பியில் ஒரு புதிய பக்கத்தின் தலையில் அதை எழுதுங்கள். அதன் கீழ், அகராதி தரும் எடுத்துக்காட்டு வசனங்களில் அவ்வினைக்குப் பின்னால் எந்தப் பெயர்ச்சொற்கள் வருகின்றன என்று பாருங்கள்: இம்பேக்ட், எஃபெக்ட்ஸ், ரிஸ்க், டமேஜ். அதாவது தாக்கம், விளைவுகள், ஆபத்து, சேதம். பசியோ மனிதரோ அங்கே வருவதில்லை என்பது உடனே புலப்படும். வலியையும் வறுமையையும் குறைப்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் "அலீவியேட்" என்ற வேறு சொல் பெரிதும் வழங்குகிறது. அதையும் பக்கத்தின் ஓரத்தில் எழுதி, இரண்டுக்கும் இடையே ஒரு கோடு போடுங்கள். அடுத்து, தோற்றத்தில் ஒத்திருந்து ஏமாற்றும் சொல்லைக் குறியுங்கள். "மிலிட்டேட்" என்பது "எகெய்ன்ஸ்ட்" என்ற சொல்லோடு சேர்ந்து, ஒன்று நடக்கவிடாமல் தடுப்பதைக் குறிக்கும். "மிட்டிகேட்" நேரடியாகச் செயப்படுபொருளை ஏற்கும். "எகெய்ன்ஸ்ட்" அதற்குத் தேவையில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இங்கே வழுக்கி விழுவதுண்டு.

இதன்பிறகே தமிழ்ப்பொருளை எழுத வேண்டும். "தணித்தல்" என்று மட்டும் எழுதாமல், "வரவிருக்கும் கேட்டின் கடுமையைக் குறைத்தல்" என்று எழுதுங்கள். நல்ல தமிழ் தெரிந்தவருக்கு இந்த வேலை எளிது. காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் "பிரபுத்த பாரத" என்ற ஆங்கில இதழின் ஆசிரியராக இருந்தவர்; அவரே தமிழில் கலைச்சொல்லாக்கத்துக்கும் உழைத்தார். ஒரு மொழியில் உள்ள ஆழம் மற்ற மொழிக்கும் பயன்படும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது.

பக்கத்தின் கடைசி வரி உங்களுடைய சொந்த வசனமாக இருக்க வேண்டும். அகராதி வசனத்தைப் பார்த்து எழுத வேண்டாம். "மழைக்கு முன் முகத்துவாரத்தை வெட்டினால் வயல்களின் சேதத்தைக் குறைக்கலாம்" என்று உங்களுக்குத் தெரிந்த ஒன்றை ஆங்கிலத்தில் எழுதுங்கள். கண்ணால் கண்ட காட்சியோடு கட்டிவைத்த சொல் எளிதில் கழன்று போகாது.

நாம் நாளாந்தம் பேசும் ஆங்கிலச் சொற்களுக்கும் இப்படி ஒரு பக்கம் ஒதுக்குவது நல்லது. "கரண்ட் போய்விட்டது" என்று சொல்லிச் சொல்லி, நமக்கு அச்சொல் மின்சாரத்தோடு நின்றுவிட்டது. கடலில் நீரோட்டமும் கரண்ட், நடப்பு விவகாரமும் கரண்ட், வங்கியின் நடைமுறைக் கணக்கும் கரண்ட்.

படி 4: குடும்பமும் அழுத்தமும்

வினை தெரிந்தால் அதன் பெயர்ச்சொல்லையும் பெயரடையையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். "அனலைஸ்" என்பது வினை, "அனாலிசிஸ்" செயலின் பெயர், "அனலிஸ்ட்" செய்பவர், "அனலிட்டிகல்" பண்பு. இவற்றை உரக்க வாசிக்கும்போது அழுத்தம் இடம்மாறுவதைக் கவனியுங்கள்: முதற்சொல்லில் முதல் அசையிலும், இரண்டாவதில் இரண்டாம் அசையிலும், நான்காவதில் மூன்றாம் அசையிலும் விழுகிறது. தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை என்பதால் நம் காது இதற்குப் பழகியிருக்கவில்லை. அகராதியில் அழுத்தமான அசைக்கு முன்னால் ஒரு சிறு மேற்கோடு இருக்கும். ஒலிபெருக்கிப் படத்தை அழுத்திக் கேட்டு, மூன்று முறை திருப்பிச் சொல்லுங்கள்.

படி 5: வேர்களைப் பயன்படுத்துதல்

"ஸ்பெக்ட்" என்ற இலத்தீன் வேருக்குப் பார்த்தல் என்று பொருள். முன்னே வரும் ஒட்டைக் கழற்றினால் "ரெட்ரோஸ்பெக்ட்" பின்னோக்கிப் பார்ப்பது, "இன்ட்ரோஸ்பெக்ட்" உள்ளே பார்ப்பது, "சர்கம்ஸ்பெக்ட்" சுற்றுமுற்றும் பார்த்து நடக்கும் இயல்பு என்று விளங்கும். ஆயினும் வேர் காட்டுவது ஊகத்தை மட்டுமே. ஊகித்தபின் அகராதியில் சரிபார்க்காமல் விட வேண்டாம்.

படி 6: சப்பாத்துப் பெட்டி

மறதி எவ்வாறு நிகழ்கிறது என்பதை 1885 இல் தம்மீதே சோதித்து எழுதியவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ். ஒரே இரவில் நூறு முறை படிப்பதைவிட, நாள்களை இடைவெளிவிட்டு மீட்டுப் பார்ப்பது நீடிக்கும். இதைச் செயல்படுத்த, 1970களில் செபாஸ்டியன் லைட்னர் பரப்பிய பெட்டி முறையே போதும். ஒரு சப்பாத்துப் பெட்டியை மட்டையால் ஐந்து அறைகளாகப் பிரியுங்கள். அஞ்சலட்டை அளவில் வெட்டிய மட்டையின் ஒரு பக்கத்தில் சொல் நீக்கப்பட்ட உங்கள் வசனத்தையும், மறுபக்கத்தில் அந்தச் சொல்லையும் எழுதுங்கள். புதிய மட்டைகள் முதல் அறைக்குப் போகும். முதல் அறையைத் தினமும், அடுத்தவற்றை முறையே 2, 4, 8, 16 நாள்களுக்கு ஒருமுறையும் பாருங்கள். சரியாகச் சொன்ன மட்டை அடுத்த அறைக்கு முன்னேறும். தவறினால் எந்த அறையிலிருந்தும் முதல் அறைக்கே திரும்பும். கைத்தொலைபேசி வைத்திருப்பவர்கள் ஆன்கி என்ற செயலியைப் பயன்படுத்தலாம், ஆனால் முதல் இரண்டு மாதங்களாவது கையால் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

படி 7: வாரக் கடைசியில் எழுதுதல்

வெள்ளிக்கிழமை மாலை, அந்த வாரத்தின் 25 சொற்களில் ஐந்தைத் தெரிந்தெடுத்து 120 சொற்களில் ஒரு கடிதம் எழுதுங்கள். எழுதி முடித்தபின் ஒவ்வொரு சொல்லையும் அதன் துணைச்சொல்லோடு அகராதி வசனங்களில் தேடிப் பாருங்கள். இணை பொருந்தாவிட்டால் அந்த மட்டையை முதல் அறையில் போடுங்கள். முதல் வாரத்துக்கு மட்டும் ஐந்து சொல் விதியைத் தளர்த்தி, இரண்டு கடிதங்களை எழுதச் சொல்வேன். முதலாவது, மாரி தொடங்குமுன் முகத்துவாரத்தை வெட்டும்படி மாவட்டச் செயலகத்துக்கு எழுதும் கோரிக்கை. இரண்டாவது, வெள்ளம் புகுந்தபின் உலர் உணவும் பாயும் கேட்டு எழுதும் விண்ணப்பம். ஒன்றில் வரவேண்டிய சொல் மற்றதில் வந்திருக்கிறதா என்று இரண்டையும் அருகருகே வைத்துச் சிவப்புப் பேனையால் திருத்துங்கள்.