கடையைப் புதுப்பிக்கும்போது வரைபடத்தையும் வேலையையும் ஒரே குழுவிடம் கொடுப்பது எப்படி?

மதுரையில் கடை, உணவகம், கிளினிக் புதுப்பிக்கும் வேலைகளை மேற்பார்வை செய்து வருகிறேன். உரிமையாளர்கள் முதலில் கேட்பது சதுர அடிக்கு என்ன ரேட் என்பதுதான். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு: வேலை நடுவில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் யார் பதில் சொல்வார்கள்?

வழக்கமாக ஆர்க்கிடெக்ட் ஒருவர் வரைவார். கொத்து வேலைக்கு ஒரு மேஸ்திரி, ஏசிக்கு ஒருவர், கரண்டுக்கு ஒருவர், ஃபால்ஸ் சீலிங்குக்கு இன்னொருவர். புதுக் கட்டடத்தில் இதை ஓரளவு சமாளிக்கலாம். பழைய கட்டடத்தில் சுவருக்குள் என்ன ஓடுகிறது என்பது உடைத்த பிறகுதான் தெரியும். அப்போது ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். கடை பூட்டிக் கிடக்கும், வாடகை மட்டும் ஏறும்.

முதல் மாடியில் உணவக அடுக்களை போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து வெளிக்குழாய்வரை 20 அடி. 40-க்கு 1 என்று, அதாவது 40 அடிக்கு 1 அடி இறக்கமாக, சரிவு கொடுத்தால் அதற்கே 6 அங்குலம் வேண்டும். அதோடு 4 அங்குலக் குழாய், மேலே கான்கிரீட், டைல்ஸ். தளம் கிட்டத்தட்ட ஓர் அடி உயர்ந்துவிடும். வாசலில் படி வந்துவிடும், தள்ளுவண்டி ஏறாது. 12-க்கு 1 என்று சாய்தளம் போட்டால் 12 அடி நீளம் தேவை, அது சாப்பாட்டு மேசைகளின் இடத்தைத் தின்னும். தளம் உயர்ந்ததால் தலைக்கு மேல் உயரம் குறையும், புகைக்கூண்டின் டக்ட் (புகையை வெளியேற்றும் தகரக் குழாய்) பீமுக்குக் கீழே தொங்கும். சிங்க்கை வெளிச்சுவர் பக்கம் நகர்த்தினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆனால் அதைச் சொல்ல, வரைபவரும் பிளம்பரும் டக்ட் போடுபவரும் வேலை தொடங்கும் முன்பே ஒரே மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரே குழுவிடம் கொடுப்பதன் உண்மையான பலன் இதுதான். விலை குறையும் என்று எதிர்பார்த்து இந்த வழிக்கு வராதீர்கள்.

இதில் ஆபத்தும் உண்டு. தனி ஆர்க்கிடெக்ட் இருந்தால் காண்டிராக்டரின் வேலையைப் பார்த்து "இது சரியில்லை" என்று சொல்வார். வரைபவரும் கட்டுபவரும் ஒரே ஆளானால் அப்படிச் சொல்ல யாரும் இல்லை. ஆகவே உங்கள் சார்பில் ஓர் என்ஜினியரை வைத்துக்கொள்ளுங்கள். அவர் தினமும் வர வேண்டியதில்லை. பில் கொடுக்கும் கட்டங்களில் வந்து பார்த்தால் போதும், சம்பளம் மட்டும் உங்கள் கையிலிருந்து போக வேண்டும். சுவரை எடுக்கிற வேலை இருந்தால் ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரையும் நீங்களே அமர்த்துங்கள். மெட்ராஸ் டெரஸ் கூரை (மரச் சட்டங்கள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும்) போட்ட பழைய கட்டடங்களில் சுவர்தான் பாரம் தாங்குகிறது. "சின்னச் சுவர்தானே" என்று தட்டவே கூடாது.

ஒப்பந்தத்தை இரண்டாகப் பிரிப்பதுதான் என் முறை. முதலில் வரைபடத்துக்கு மட்டும் தனிக் கட்டணம். இருக்கிற கட்டடத்தை அளப்பது, நான்கைந்து இடங்களில் ஃபால்ஸ் சீலிங்கையும் பூச்சையும் திறந்து பார்ப்பது எல்லாம் இதில் அடக்கம். இந்த வரைபடம் உங்களுடையது, வேறு ஆளிடம் கொண்டுபோகலாம் என்று எழுதி வாங்குங்கள். வரைபடம் முக்கால்வாசி முடிந்த பிறகே கட்டும் வேலைக்கு விலை பேசுங்கள். வெறும் பேச்சை நம்பி எல்லாம் சேர்த்த ஒரே மொத்தத் தொகைக்குச் சம்மதித்தால், பிற்பாடு எல்லாமே எக்ஸ்ட்ராவாக வந்து நிற்கும்.

மொத்தத் தொகை பேசினாலும் ஐட்டம் வாரியாக ரேட் பட்டியல் வேண்டும். கூட்டினாலும் குறைத்தாலும் அந்த ரேட்தான். "நல்ல தரமான பிளைவுட்" என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு, ஈரம் படும் இடத்துக்கு ஐஎஸ் 710 (தண்ணீர் தாங்கும் மெரைன் பிளைவுட்டின் இந்தியத் தர எண்) என்று எழுதச் சொல்லுங்கள். ஒயரின் தடிமன், டைல்ஸின் அளவு, பெயின்ட் எத்தனை கோட் என்பதும் அப்படியே. "அல்லது அதற்கு இணையானது" என்ற வரி இருந்தால், உங்கள் கையெழுத்து இல்லாமல் மாற்றக்கூடாது என்று பக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

ஜிஎஸ்டி 18 சதவீதம் விலைக்குள்ளா வெளியிலா என்பதையும் தெளிவாக்குங்கள். கட்டட வேலையைச் சொத்துக் கணக்கில் ஏற்றினால் பொதுவாக அந்த வரியைத் திரும்ப எடுக்க முடியாது. ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசிவிட்டால் பட்ஜெட் பின்னால் உதைக்காது.

பணத்தை வாரக் கணக்கில் கொடுக்காதீர்கள், வேலைக் கட்டங்களோடு கட்டுங்கள். மூடி மறைக்கப்படும் வேலைகள்தான் முக்கியம். காடி வெட்டிக் குழாய் பதித்ததும் பிரஷர் டெஸ்ட், டாய்லெட்டில் வாட்டர்புரூஃப் போட்டதும் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்ப்பது, சீலிங் மூடும் முன் ஏசி டிரெயின் குழாயில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது. சுவரோடு அளவு டேப்பை வைத்து போட்டோவும் எடுக்கச் சொல்லுங்கள். பிற்பாடு ஷெல்ஃப் மாட்ட டிரில் போடும்போது அந்த போட்டோ காப்பாற்றும்.

மின் லோடு கூடுதலாக வேண்டுமென்றால் வரைபடக் கட்டத்திலேயே மின்வாரியத்தில் விண்ணப்பம் போக வேண்டும். ஏசியெல்லாம் மாட்டிவிட்டு லோடுக்காகக் காத்திருப்பது கொடுமை. வெளிச்சுவரைத் தள்ளிக் கட்டுவது, மேலே இன்னொரு மாடி எழுப்புவது போன்றவற்றுக்குத் திட்ட அனுமதி கேட்க வேண்டிவரும். யார் வாங்கித் தருவது என்பதைப் பெயர் போட்டு எழுதுங்கள்.

ஜவுளிக்கடைக்காரர்கள் பொங்கல் வியாபாரம் முடிந்ததும் தொடங்கலாம், ஆடித் தள்ளுபடிக்கு முன் முடித்துவிடலாம். மர வேலை, டைல்ஸ் வேலை செய்பவர்களில் பலர் வடமாநிலத்தவர். ஹோலிக்கு ஊருக்குப் போவார்கள், அதையும் அட்டவணையில் போட்டு வையுங்கள். மாசி வீதிகள் மாதிரி நெருக்கமான இடத்தில் இடிபாடு அள்ளும் வண்டி பகலில் நிற்க இடமிருக்காது, இரவு வேலைக்குப் பக்கத்துக் கடைக்காரர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வெறும் பெயின்ட், விளக்கு மாற்றுவது என்றால் இத்தனையும் வேண்டாம், நல்ல மேஸ்திரி போதும்.

ஒப்படைக்கும் நாளில் எல்லா ஏசி, அடுப்பு, விளக்கு, எக்ஸாஸ்ட் ஃபேன் ஆகியவற்றை ஒரே நேரத்தில் ஓடவிட்டு இரண்டு மணி நேரமாவது பாருங்கள். எது எங்கே ஓடுகிறது என்று காட்டும் கடைசி வரைபடம், கருவிகளின் வாரண்டி அட்டைகள் கைக்கு வந்த பிறகே கடைசி பில். அப்புறமும் 5 சதவீதத்தை 12 மாதம் பிடித்து வைப்பதாக ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். அந்தக் காலத்துக்குள் ஒரு வடகிழக்குப் பருவமழை வந்து போயிருக்கும். மொட்டை மாடி, ஜன்னல் ஓரம், டக்ட் வெளியேறும் துளை மூன்றிலும் கசிவு இல்லை என்று பார்த்துவிட்டு விடுவியுங்கள்.